இன்னும் விற்று முடியாத மோட்டார் சைக்கிள்

கேள்வி:

வணக்கம். எனக்கு 57 வயது. விசுவமடுப் பக்கம் தோட்டம் செய்கிறேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பிள்ளைகளைப் பறிகொடுத்த சனம் இருக்கிற இந்த மண்ணில் நான் ஒரு மோட்டார் சைக்கிளுக்காக நித்திரை இல்லாமல் கிடக்கிறேன்.

2011 இல் மீளக்குடியமர்ந்த கையோடு வவுனியாவுக்குப் போய் ஒரு ஹொண்டா எம்டி 90 வாங்கினேன். சிவப்பு நிறம். எட்டு வருசம் ஓடினேன். கொட்டில் கல்வீடானது, மகள் பள்ளிக்கூடம் போய் வந்தது எல்லாம் அதில்தான். 2019 ஆவணியில், மகன் லீசிங்கில் எடுத்த ஓட்டோவுக்கு ஐந்து மாதத் தவணை நிலுவையாகிவிட்டது. ஓட்டோவைத் தூக்கிக்கொண்டு போக வந்து நின்றார்கள். மோட்டார் சைக்கிளை 85,000 ரூபாய்க்குத் தருமபுரத்தில் ஒரு பெடியனுக்குக் கொடுத்துவிட்டேன். ஓப்பின் பேப்பரில்தான் கொடுத்தேன். அந்த நேரம் மனதுக்கு ஒன்றும் செய்யவில்லை.

2022 இல் பெற்றோல் பங்கீட்டுக் கியூஆர் எடுப்பதில் சிக்கல் என்று அந்தப் பெடியன் வீட்டுக்கு வந்தான். முற்றத்தில் நின்றதை எடுத்து ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். அன்று தொடங்கியது. இப்போது சந்தைக்குப் போனால் கண் அதைத்தான் தேடுகிறது. கறுப்புப் பெயின்ற் அடித்திருக்கிறான், ஆனால் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். விலை கேட்டேன், 260,000 என்கிறான். மகளின் கலியாணக் காசில் கை வைத்தால் வீட்டில் உலை வைக்க மாட்டாவாம் மனைவி. மகன், "அது பழைய இரும்பு அப்பா" என்கிறான்.

இன்னொன்று. 1997 இல் மல்லாவியில் இடம்பெயர்ந்து இருந்தபோது ஐயாவின் ஒஸ்ரின் ஏ40 காரை நான்தான் பேசி விற்றேன். கொஞ்சக் காசும் இரண்டு மூட்டை நெல்லும் கிடைத்தது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. 1999 இல் அவர் காலமாகிவிட்டார். அதுவும் இப்போது சேர்ந்து வருகிறது. ஆனால் 2009 இல் புதுமாத்தளனில் விட்டுவிட்டு வந்த லாண்ட்மாஸ்டர் உழவு மெசினையும் தண்ணீர்ப் பம்பையும் இரண்டு சைக்கிளையும் நினைத்து ஒரு நாளும் என் நித்திரை குழம்பியதில்லை. இது ஏன்? எம்டியைத் திருப்பி வாங்கலாமா? அதன் இரண்டாவது சாவி இன்னும் எங்கள் வீட்டுக் கலண்டருக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது.

பதில்:

அண்ணை, வெட்கத்தைப் பற்றி முதலில் கதைத்து முடித்துவிடுவோம், பிறகு மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். கிளிநொச்சியில் உளவளத்துணை செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து என் முன்னால் இருந்து அழுதவர்கள் எதற்கெல்லாம் அழுதார்கள் என்று உங்கள் கடிதத்தை வாசித்தபின் யோசித்துப் பார்த்தேன். தையல் மெசினுக்கு அழுதவர்கள் உண்டு. அவிழ்த்துவிட்டு வந்த மாட்டுக்கு, திரும்பி வந்தபோது அடியோடு இல்லாமல் போயிருந்த கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்கு, ஒரு போட்டோ அல்பத்துக்கு. அவர்களில் பலர் ஆட்களையும் பறிகொடுத்தவர்கள்தான். ஒன்றுக்கு அழுததால் மற்றதன் துக்கம் குறைந்துபோனதாக நான் காணவில்லை. கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 மாசி 20 ஆம் திகதி அம்மாக்கள் தொடங்கிய போராட்டத்தைக் கடந்துதான் நானும் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இருக்கிற துயரத்துக்கு எங்கள் துறையில் தனிப் பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரை எடுத்து ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வைக்க மாட்டேன். அதற்காக உங்களுடையது ஒன்றுமில்லை என்றும் சொல்ல மாட்டேன். மூன்று வருசமாக நித்திரை கெடுகிறது என்றால் அது கவனிக்க வேண்டிய விசயம். அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் ஒரு சுகமான பழக்கம் இருக்கிறது. ஒருவர் வாகனத்தைப் பற்றிச் சொன்னால், "நீங்கள் தேடுவது வாகனத்தை இல்லை, உங்கள் ஐயாவை" என்று சொல்லிவிடுவது. கேட்பவருக்குக் கண் கலங்கும், சொன்னவருக்கு வேலை முடிந்துவிடும். உங்கள் முழுக் கடிதத்தையும் மூன்று தரம் வாசித்தேன் (மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம்). அதில் ஐயாவைப் பற்றி ஏழெட்டு வரி. எம்டி 90 காலையில் முதல் உதைக்குப் பிடிக்காது, இரண்டாவது உதைக்குக் கட்டாயம் பிடிக்கும் என்பதை விளக்க மட்டும் ஒரு முழுப் பந்தி. ஆகவே நான் மோட்டார் சைக்கிளை மோட்டார் சைக்கிளாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. என் ஸ்கூட்டியைப் பார்க்கிற கராஜ்காரரிடம் எம்டி 90 ஐப் பற்றி ஒரு வார்த்தை கேட்டேன், அரை மணித்தியாலம் என்னை விடவில்லை. யப்பானில் தபால்காரர்களுக்கென்று ஹொண்டா செய்த வண்டி அது. 1958 இல் வந்த சுப்பர் கப் என்ற சின்ன மோட்டார் சைக்கிளின் வம்சம். 2017 ஆம் ஆண்டோடு அந்தச் சுப்பர் கப் வரிசையில் 10 கோடி வண்டிகள் செய்து முடித்துவிட்டார்கள். நீங்கள் வாங்கிய சிவப்பு, அங்கே தபால் வண்டியின் சிவப்பு. இவற்றில் கிளச் பிடி கிடையாது. காலால் மிதித்துக் கியர் மாற்றினால் போதும், இடது கை சும்மா இருக்கும். ஒரு கையில் சாமானைப் பிடித்தபடி மறு கையால் ஓட்டிக்கொண்டு போகலாம் என்பதற்காகவே தொடக்கத்தில் அப்படி வடிவமைத்தார்கள்.

அந்த இடது கையைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க நினைத்தேன். எட்டு வருசம் அது என்னென்ன செய்தது? மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முன்னால் நின்று வருவா என்றும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நின்றபடியே நித்திரையாகிவிடுவா என்றும், நெற்றி ஹான்டிலில் முட்டாமல் கையால் தாங்கிக்கொண்டு பரந்தன் வீதியில் மெதுவாக வருவேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிளச் பிடி உள்ள மோட்டார் சைக்கிளில் அதைச் செய்திருக்க முடியாது, கிளச்சைப் பிடிக்க அந்தக் கை வேண்டும். ஆகவே "அது பழைய இரும்பு" என்பது சரியான பேச்சில்லை. சில பொருட்கள் நாம் வாழ்ந்த விதத்தையே கொஞ்சம் மாற்றிவிட்டுப் போகும். உங்களுக்கு அது ஒரு கையை மிச்சம் பிடித்துத் தந்தது.

உடம்பு பழகிய வேலைகளின் ஞாபகம், பேர் ஊர் திகதிகளின் ஞாபகத்தைப் போலச் சேமிக்கப்படுவதில்லை. சைக்கிள் ஓடப் பழகியவர் இருபது வருசம் கழித்து ஏறினாலும் விழமாட்டார். 2022 இல் முற்றத்தில் ஒரு சுற்று ஓடினேன் என்றீர்களே, மூன்று வருசம் தொடாத வண்டியில் உங்கள் கால் கியரைத் தேடியிருக்காது, தானாகப் போய் நின்றிருக்கும். அதுவரை மனம் "விற்றாயிற்று" என்று ஒரு கணக்கை மூடி வைத்திருந்தது. காலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அன்று அந்த இரண்டுக்கும் இடையில் பிடிபட்டுப்போனீர்கள். (என் ஸ்கூட்டி பெப்பை 2018 இல் விற்றேன். மீள்குடியேறிய சனத்தைப் பார்க்க ஊர் ஊராக ஓடியது அதில்தான். வாங்கிய பிள்ளை ஒரு நாள் தார் வீதியில் என்னை முந்திக்கொண்டு போனா. புது ஸ்கூட்டியில் இருந்துகொண்டு பழையதன் பின்னால் ஒரு கிலோமீற்றர் போயிருப்பேன், போக வேண்டிய திசை அது இல்லை. ஆலோசனை சொல்கிறவர்களும் இப்படித்தான்.)

சரி, லாண்ட்மாஸ்டர் ஏன் நித்திரையைக் கெடுக்கவில்லை என்று கேட்டீர்கள். கடிதத்திலேயே நல்ல கேள்வி அதுதான்.

லாண்ட்மாஸ்டரை நீங்கள் விற்கவில்லை. யாரும் உங்களிடம் விலை கேட்கவில்லை, நீங்கள் சம்மதிக்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை. புதுமாத்தளனில் அதன் பக்கத்தில் நின்று "விடவா, வேண்டாமா" என்று யோசிக்க உங்களுக்கு நேரமும் தரப்படவில்லை. வன்னியில் எங்களுக்குப் போனவற்றில் பெரும்பகுதி அப்படிப் போனதுதான். அவற்றுக்காக ஆத்திரப்படலாம், அழலாம், ஆனால் "நான் ஏன் அப்படிச் செய்தேன்" என்று கேட்க முடியாது. எம்டியையும் காரையும் மட்டும் நீங்கள் விலை பேசினீர்கள். எத்தனையோ இழப்பில் உங்கள் கை பட்டவை அந்த இரண்டும்தான். மனம் தன்னைக் குற்றம் சொல்ல இடம் தேடும்போது, கை பட்ட இடத்தில்தான் வந்து நிற்கும். பொருளின் பெறுமதியைப் பார்த்து வருவதில்லை அது. பெறுமதியைப் பார்த்தால் லாண்ட்மாஸ்டர் அல்லவா முதலில் வரவேண்டும்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஹாவட் பல்கலைக்கழகத்தில் டானியல் கில்பேட், ஜேன் ஈபேட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்து பார்த்தார்கள், 2002 இல் அது வெளிவந்தது. புகைப்படம் எடுக்கப் பழகிய மாணவர்களிடம், தாங்கள் எடுத்ததில் பிடித்த இரண்டு படங்களைப் பெரிதாக்கச் சொல்லி, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தந்துவிடுங்கள் என்றார்கள். ஒரு பகுதியினரிடம், கொடுத்தது கொடுத்ததுதான், மாற்ற முடியாது என்று சொன்னார்கள். மற்றவர்களிடம், சில நாட்களுக்குள் மனம் மாறினால் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாற்ற முடியாதவர்கள் தங்களிடம் இருந்த படத்தைக் காலப்போக்கில் கூடுதலாக விரும்பினார்கள். மாற்றலாம் என்ற வசதி இருந்தவர்களுக்குத் தங்கள் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், வேறு மாணவர்களிடம், மாற்றலாம் என்ற வகுப்பா, மாற்ற முடியாத வகுப்பா வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டபோது பெரும்பாலானோர் மாற்றிக்கொள்ளலாம் என்ற வகுப்பைத்தான் கேட்டார்கள்.

புதுமாத்தளனில் விட்ட லாண்ட்மாஸ்டரைப் போய் மாற்றிக்கொள்ள முடியாது. மனம் அதை ஒரு மாதிரி ஆற்றிக்கொண்டுவிட்டது. எம்டி அப்படியா? பக்கத்து ஊரில், அதே முல்லைத்தீவு வீதியில், கிழமைக்கு இரண்டு தரம் சந்தைக்கு வந்து நிற்கிறது. சத்தம் கேட்கிறது. விலையும் சொல்கிறார்கள். "இன்னும் வாங்கலாம்" என்ற ஒரு சொல் இருக்கும்வரை மனம் ஆறாது.

அதோடு, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்த ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டேன். ஓப்பின் பேப்பர்.

அண்ணை, நீங்கள் அந்த மோட்டார் சைக்கிளை இன்னும் விற்கவில்லை. நான் கவிதைக்குச் சொல்லவில்லை. பெயர் மாற்றும் படிவத்தில் உங்கள் கையெழுத்தை மட்டும் வாங்கி, மற்றதை வெறுமையாக விட்டு, புத்தகத்தோடு அந்தத் தம்பி கொண்டுபோயிருக்கிறார். ஆறு வருசமாக மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் உரிமையாளர் நீங்கள்தான். நாளைக்கு அந்த வண்டியில் யாரையும் மோதிவிட்டு ஓடினால், அல்லது அதில் ஏதாவது கொண்டுபோய்ப் பிடிபட்டால், இலக்கத்தை வைத்துப் பொலிஸ் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுப் படலைக்குத்தான். 2022 இல் அந்தப் பெடியன் உங்களிடம் வந்து நின்றதற்கும் இதுதானே காரணம்? இரண்டாவது சாவி உங்கள் ஆணியில், பெயர் உங்கள் பெயர், சத்தம் உங்களுக்குத் தெரிந்த சத்தம். உரிமை பாதி இங்கே, பாதி அங்கே. நித்திரை எப்படி வரும்?

ஊரில் எல்லாரும் இப்படித்தான் விற்கிறார்கள் என்பீர்கள். தெரியும். என் ஸ்கூட்டியையும் முதலில் அப்படித்தான் கொடுக்கப் பார்த்தேன், வாங்கிய பிள்ளையின் தாய்தான் "வேண்டாம் மிஸ், எழுத்தில முடிச்சுவிடுவம்" என்று இழுத்துக்கொண்டு போனா.

இனிக் காசு. 85,000 க்கு விற்றது இன்று 260,000 என்றால் மூன்று மடங்கு, ஏமாந்துபோனேன் என்று நினைக்கிறீர்கள். 2019 ஆவணியில் நின்று பாருங்கள். ஏழு மாதம் கழித்து, 2020 பங்குனியில், வாகன இறக்குமதியை நிறுத்தப்போகிறார்கள் என்று அன்று யாருக்குத் தெரியும்? தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 மாசியில். இடைப்பட்ட ஐந்து வருசம் புது வண்டி வராததால் பழையதெல்லாம் பொன்னாகிவிட்டது. நடுவில் ரூபாயும் விழுந்தது. நீங்கள் விற்றபோது ஒரு டொலர் ஏறத்தாழ 180 ரூபாய். 2022 பங்குனித் தொடக்கத்தில் 200 அளவில் நின்றது, வைகாசிக்குள் 360 ஆனது. 2025 இல் 300 அளவில் நின்றது. அப்படிக் கணக்குப் பார்த்தால் அன்று உங்கள் கைக்கு வந்தது 470 டொலர், இன்று அவர் கேட்பது 870 டொலருக்குக் கிட்ட. மூன்று மடங்கு என்பது இரண்டு மடங்குக்கும் குறைகிறது. தெரியாத ஒன்றை அன்றே தெரிந்திருக்க வேண்டும் என்று உங்களை நீங்களே தண்டிக்கிறீர்கள். அதைவிட, அந்த 85,000 ஒரு ஓட்டோவை மீட்டது. அது இன்றும் ஓடுகிறது, அதில்தான் மகனின் குடும்பம் சாப்பிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காசு ஆறு வருசமாக உழைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெடியன் பேராசையில் 260,000 கேட்கிறான் என்றும் அவசரப்பட்டு நினைக்க வேண்டாம். 1990 இல் கானெமன், நெட்ச், தேலர் என்ற மூவர் மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு கோப்பையைக் கொடுத்துவிட்டு, விற்பதென்றால் என்ன விலை என்று கேட்டார்கள். கோப்பை இல்லாதவர்களிடம், வாங்குவதென்றால் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்டது மற்றவர்கள் சொன்னதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே அப்படி. அவர் ஆறு வருசம் ஓடியிருக்கிறார். 2022 இல் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்து அடித்திருக்கிறார். கறுப்புப் பெயின்ற் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் பிடிக்காத வண்டிக்கு யாரும் காசு செலவழித்துப் பெயின்ற் அடிப்பதில்லை.

ஐயாவின் காரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது வேறு விசயம். 1996 புரட்டாதியில் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்து, சனம் அக்கராயன், துணுக்காய், மல்லாவி என்று ஒதுங்கிய காலம் அது. வன்னிக்குள் பெற்றோலுக்குத் தடை. ஒரு மூடி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலத்தை நீங்களும் நானும் கண்டவர்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாதது பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழே எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். அந்த ஒஸ்ரின் நின்றாலும் துருப்பிடித்திருக்கும், ஓடினாலும் தேய்ந்திருக்கும். இடம்பெயர்ந்த காணிகளில் மரத்தடியில் நின்று, பின் சீற்றில் கோழி அடைவைத்த கார்களை நான் கண்டிருக்கிறேன். உங்களுடையது அப்படி ஆகுமுன் இரண்டு மூட்டை நெல்லாக மாறியது. அந்த வருசம் மல்லாவியில் இரண்டு மூட்டை நெல் என்றால் என்ன என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உங்களைக் குடைவது நெல் இல்லை, ஐயா பேசாமல் இருந்தது. 28 வருசமாக அந்த மௌனத்தைக் கோபம் என்றே வாசித்துவிட்டீர்கள். அது கோபமாகவும் இருந்திருக்கலாம், "நான் செய்யவேண்டியதை மகன் செய்கிறானே" என்ற ஆறுதலாகவும் இருந்திருக்கலாம். இங்கே இருந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் அக்கா அப்போது மல்லாவியில் கூட இருந்தவ என்று எழுதியிருக்கிறீர்கள். போய் அவவிடம் கேளுங்கள். "ஐயா கார் விற்றதைப் பற்றி உன்னோட ஏதும் கதைச்சவரோ?" என்று நேரடியாக. பெண் பிள்ளைகளிடம் எங்கள் தகப்பன்மார் சிலதைச் சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை என்றாலும், அந்தக் காரை நினைத்துக்கொண்டிருக்கிற இன்னொரு ஆள் உங்களுக்குக் கிடைப்பா.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாங்கலாமா? வாங்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். மகளின் கலியாணக் காசில் ஒரு சதமும் வேண்டாம். நகை அடகு வைத்தும் வேண்டாம். லீசிங், வட்டிக்காசு என்று நினைக்கவே வேண்டாம். எந்த வலையிலிருந்து மகனை இழுத்தெடுக்க அதை விற்றீர்களோ, அதே வலைக்குள் அதை வாங்கப் போவது போலாகும். மனைவி உலை வைக்க மாட்டேன் என்று சொன்னது பிடிவாதமாக உங்களுக்குப் படலாம். தவணைக்காரர் வாசலில் நின்ற அந்த நாளை அவவும் உங்களோடுதான் கண்டவ. அவவுக்கு எம்டி என்றால் இடது கை இல்லை, அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

அதற்குப் பதிலாக, அதைச் சரியாக விற்று முடியுங்கள். அந்தத் தம்பியைக் கண்டு, "வா, புத்தகத்தை உன்ர பேருக்கு மாத்துவம்" என்று சொல்லுங்கள். இரண்டு பேரின் அடையாள அட்டையும் பதிவுப் புத்தகமும் வேண்டும். சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று போகுமுன் வண்டியில் பார்த்துக்கொள்ளுங்கள், பெயின்ற் அடித்த வண்டியில் இலக்கம் மூடிப்போயிருக்கும், சுரண்டித்தான் பார்க்க வேண்டும் என்று கராஜ்காரர் சொன்னார். செலவில் பாதியை நீங்கள் ஏற்றாலும் பரவாயில்லை, 260,000 ஐவிட அது எவ்வளவோ குறைவு. "விற்கிறதெண்டால் முதலில் எனக்குச் சொல்லு" என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். வாய் வரைக்கும் வரும். கேட்டால் அந்தப் படம் மாற்றுகிற வகுப்பில் மறுபடி போய் இருப்பீர்கள்.

ஒருவேளை உங்கள் நிலைமை மாறி, தோட்டத்தில் இரண்டு போகம் நன்றாக வந்து, கலியாணமும் முடிந்து, மிச்சக் காசு கையில் நின்றால், ஒரு எம்டி 90 வாங்குங்கள். அதே எம்டி என்று இல்லை, ஏதோ ஒன்று. மனைவியிடம் தொகையைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு வாருங்கள். அதில் எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை.

மகனைப் பற்றி ஒன்று கேட்கவேண்டும். ஓட்டோவை மீட்ட அன்று அவர் உங்களிடம் என்ன சொன்னார்? கடிதத்தில் அது இல்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன், எங்கள் வீடுகளில் ஆண்கள் இதையெல்லாம் கதைப்பதில்லை. ஐயாவும் நீங்களும் கதைக்கவில்லை, நீங்களும் மகனும் கதைக்கவில்லை. "பழைய இரும்பு" என்று அவர் சொல்வதை நான் வேறு மாதிரிக் கேட்கிறேன். அது பெறுமதியான சாமான் என்று ஒத்துக்கொண்டால், தனக்காக அப்பா எதைக் கொடுத்தார் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அது ஒரு இளம் தகப்பனுக்குப் பாரம். அவரை மடக்கிப் பிடித்து நன்றி வாங்கச் சொல்லவில்லை. அந்த இரண்டாவது கிக் கதையை, மகள் நின்றபடி நித்திரையானதை, எனக்கு எழுதிய மாதிரி அவருக்கும் ஒரு தரம் சொல்லுங்கள். தங்கச்சியின் கதை என்றால் கேட்பார்.

பெயர் மாற்றப் போகிற அன்று ஆணியில் தொங்குகிற சாவியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். கையெழுத்து முடிந்தபின், கந்தோருக்கு வெளியில் வைத்துக் கொடுங்கள். கொடுக்குமுன் ஒரு சுற்று ஓடத் தருவாயா என்று கேட்டுப் பாருங்கள், அந்தத் தம்பி மாட்டேன் என்று சொல்ல மாட்டார். கந்தோருக்குப் போக பஸ்ஸை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். மகனின் ஓட்டோவிலேயே போங்கள்.